ஆய்விதழுக்கு மதிப்பெண் போடுவது எப்படி? இம்பாக்ட் ஃபேக்டர் முதல் ஆல்ட்மெட்ரிக்ஸ் வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆராய்ச்சி நூலகத்தின் உதவி மேசையில் உட்கார்ந்திருப்பவனிடம் "புத்தகம் எங்கே இருக்கிறது?" என்று கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். "இந்த இதழுக்கு இம்பாக்ட் எவ்வளவு?" என்றுதான் இப்போது கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்களில் என் சொந்தக் கருத்தும் கலந்திருக்கும்.

இம்பாக்ட் ஃபேக்டர் என்றால் என்ன? ஒரே வரியில் சொல்ல முடியுமா?

ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள், இந்த ஆண்டில் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதுதான் இம்பாக்ட் ஃபேக்டர். தமிழில் தாக்கக் காரணி என்றும் எழுதுகிறார்கள்.

கணக்கு இப்படி. ஓர் இதழ் 2022-இல் 60 கட்டுரைகளும் 2023-இல் 40 கட்டுரைகளும் போட்டது என்று வையுங்கள், மொத்தம் 100. இந்த இரண்டு ஆண்டு வெளியீடுகளை 2024-இல் வந்த பிற கட்டுரைகள் 250 முறை மேற்கோள் காட்டியிருந்தால், 250-ஐ 100-ஆல் வகுத்தால் 2.5. அதுதான் அந்த இதழின் 2024-ஆம் ஆண்டு இம்பாக்ட் ஃபேக்டர். 2025 ஜூனில்தான் அது வெளியாகும். கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் 'ஜர்னல் சைட்டேஷன் ரிப்போர்ட்ஸ்' என்ற அறிக்கையில் இதைத் தருகிறது. 'வெப் ஆஃப் சயின்ஸ்' தரவுத்தளத்தில் இருக்கும் மேற்கோள்கள் மட்டுமே இதில் சேரும். அதற்கு வெளியே ஆயிரம் பேர் மேற்கோள் காட்டியிருந்தாலும் இந்தக் கணக்கில் வராது.

இதை யார், எதற்காகக் கண்டுபிடித்தார்கள்?

யூஜின் கார்ஃபீல்ட். ஒரு கட்டுரையை அதற்குப் பிறகு யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று தேடிப் பார்க்க ஓர் அட்டவணை வேண்டும் என்று 1955-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். 1960-களின் தொடக்கத்தில் அவரும் இர்விங் ஷெர் என்பவரும் அந்த அட்டவணையில் எந்தெந்த இதழ்களைச் சேர்ப்பது என்று தீர்மானிக்க ஒரு வழி தேடினார்கள். மேற்கோளின் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் நிறையக் கட்டுரை போடும் பெரிய இதழ்களே முன்னால் நிற்கும், சிறிய நல்ல இதழ்கள் விடுபட்டுப் போகும். அதனால் கட்டுரை எண்ணிக்கையால் வகுத்தார்கள்.

அதாவது, எந்த இதழை எடுப்பது என்று பார்ப்பதற்கான கருவி இது. நூலகர்களுக்கும் அதனால்தான் பிடித்துப்போனது. ஓர் ஆளுக்குப் பதவி உயர்வு தரலாமா என்று பார்ப்பதற்காக யாரும் இதைச் செய்யவில்லை. அந்தப் பயன்பாடு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

என் கட்டுரை வந்த இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் 5. அப்படியென்றால் என் கட்டுரைக்கும் 5 மேற்கோள் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. என்னிடம் வரும் கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரு சின்ன இதழ், பத்தே கட்டுரைகள். அவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்கள் 31, 6, 4, 3, 2, 2, 1, 1, 0, 0 என்று வையுங்கள். கூட்டினால் 50, சராசரி 5. ஆனால் ஐந்தைத் தாண்டியவை எத்தனை? இரண்டே இரண்டு. மீதி எட்டும் ஐந்துக்குக் கீழே. நடுவில் நிற்கும் கட்டுரைக்குக் கிடைத்தது 2. அந்த 31 வாங்கிய ஒன்றுதான் மொத்த இதழையும் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

நிஜத்திலும் இதே கதைதான். 2005-இல் 'நேச்சர்' இதழ் தன் கணக்கைத் தானே பிரித்துப் பார்த்து எழுதியது: முந்தைய ஆண்டின் இம்பாக்ட் ஃபேக்டருக்குக் காரணமான மேற்கோள்களில் 89 சதவீதம், அது வெளியிட்டவற்றில் வெறும் 25 சதவீதத்திலிருந்து வந்தது. 2016-இல் பதினொரு இதழ்களை எடுத்துப் பார்த்தபோது, முக்கால்வாசிக்குச் சற்றுக் குறைவாகவோ அல்லது அந்த அளவிலோ கட்டுரைகள் தங்கள் இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை எட்டவில்லை என்று தெரிந்தது.

இதைவிட வேடிக்கையான ஒன்று உண்டு. படிகவியல் துறையில் 'ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா ஏ' என்று ஓர் இதழ். 2008-இல் அதன் இம்பாக்ட் ஃபேக்டர் 2 சொச்சம். 2009-இல் திடீரென்று 49.9. என்ன நடந்தது? ஜார்ஜ் ஷெல்ட்ரிக் என்பவர் 'ஷெல்எக்ஸ்' என்ற தன் மென்பொருளின் வரலாற்றை 2008 ஜனவரியில் அதில் எழுதினார். அந்த மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் இந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டலாம் என்றும் அதிலேயே சொல்லியிருந்தார். படிக அமைப்பைக் கண்டுபிடிப்பவர்களில் பெரும்பாலோர் அந்த மென்பொருளைத்தான் பயன்படுத்தினார்கள், அதனால் மேற்கோள் ஆயிரக்கணக்கில் குவிந்தது. இரண்டு ஆண்டு கடந்து அந்தக் கட்டுரை கணக்கிலிருந்து விழுந்ததும் இதழ் பழையபடி 2-க்கு வந்துவிட்டது. அந்த இரண்டு ஆண்டுகளில் அதில் எழுதிய மற்றவர்களின் கட்டுரைகள் ஒரு குண்டுமணி அளவுகூட மாறவில்லை. அவர்களின் தன்விவரக் குறிப்பில் மட்டும் 49.9 என்று இருந்திருக்கும்.

இந்த எண்ணை இதழ்கள் தாங்களாகவே ஏற்றிக்கொள்ள முடியுமா?

முடியும். அதற்குப் பல வழிகள் இருக்கின்றன, எல்லாமே மோசடி என்றும் சொல்லிவிட முடியாது.

முதலில் வகுக்கும் எண். ஆய்வுக் கட்டுரைகளும் மீள்பார்வைக் கட்டுரைகளும்தான் வகுக்கும் எண்ணில் சேரும். தலையங்கம், ஆசிரியருக்குக் கடிதம், செய்தி ஆகியவை பொதுவாகச் சேராது. ஆனால் அந்தத் தலையங்கத்தை யாராவது மேற்கோள் காட்டினால், அது மேலே உள்ள எண்ணில் சேர்ந்துவிடும்! கீழே இல்லாதது மேலே மட்டும் இருக்கிறது. எது ‘கட்டுரை’, எது ‘தலையங்கம்’ என்று தீர்மானிப்பதில் பேரத்துக்கே இடமிருக்கிறது. 'பிளாஸ் மெடிசின்' இதழின் ஆசிரியர்கள் 2006-இல் இதை வெளிப்படையாகவே எழுதினார்கள். எதெதைக் கட்டுரையாக எண்ணுவது என்பதைப் பொறுத்துத் தங்கள் இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் 3-க்குக் கீழேயும் வரலாம், 11 வரையும் போகலாம் என்று தெரிந்ததாம். இதழும் ஆண்டும் கட்டுரைகளும் மாறாமல் எண் மட்டும் மாறுகிறது.

அப்புறம், மீள்பார்வைக் கட்டுரைகள். ஒரு துறையின் நிலவரத்தைத் தொகுத்துத் தருவதால் அவற்றை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அவற்றைக் கூடுதலாகப் போட்டால் எண் ஏறும். இதில் தப்பொன்றும் இல்லை.

தப்பு எங்கே தொடங்குகிறது? "உங்கள் கட்டுரையை ஏற்கிறோம், நம் இதழில் சமீபத்தில் வந்தவற்றில் நான்கைந்தை மேற்கோள் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்" என்று ஆசிரியர் எழுதும் இடத்தில். இரண்டு மூன்று இதழ்கள் கூட்டுச் சேர்ந்து ஒன்றையொன்று மாறி மாறி மேற்கோள் காட்டிக்கொள்வதும் உண்டு. சுயமேற்கோளோ இப்படிப்பட்ட கூட்டு மேற்கோளோ அளவு மீறினால் கிளாரிவேட் அந்த இதழின் எண்ணை அந்த ஆண்டு வெளியிடாமல் நிறுத்திவைக்கிறது.

யாரும் எதுவும் செய்யாமலே ஏறுவதும் உண்டு. கொரோனா ஆராய்ச்சியால் 'லான்செட்' இதழின் எண் 2020-இல் 79 ஆக இருந்தது, 2021-இல் 202 ஆனது.

கணிதத்தில் நல்ல இதழுக்கும் 3-தான் இருக்கிறது, மருத்துவத்தில் சாதாரண இதழுக்கே 6 இருக்கிறது. கணிதம் மட்டமா?

இல்லை. கணிதக் கட்டுரையின் மேற்கோள் பட்டியல் சின்னது, அதோடு ஒரு தேற்றம் வெளியாகி ஐந்தாறு ஆண்டு கழித்துத்தான் அதன் மேல் இன்னொருவர் வேலை செய்வார். இரண்டு ஆண்டு ஜன்னல் வழியே பார்த்தால் அது கண்ணிலேயே படாது. உயிர்மருத்துவத்தில் ஒரு கட்டுரைக்கே ஐம்பது அறுபது மேற்கோள்கள் இருக்கும், வேகமும் அதிகம். இரண்டு துறைகளின் இம்பாக்ட் ஃபேக்டரைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது கிலோவையும் லிட்டரையும் ஒப்பிடுவது போலத்தான்.

துறை வேறுபாட்டைச் சரிக்கட்டிச் சொல்லும் அளவீடுகளும் இருக்கின்றன. லெய்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்க் மூட் உருவாக்கிய 'ஸ்னிப்' அப்படிப்பட்டது. கிளாரிவேட்டே 2021-இல் 'ஜர்னல் சைட்டேஷன் இண்டிகேட்டர்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் 1 என்றால் அந்தத் துறையின் சராசரி, 1.5 என்றால் சராசரியைவிட 50 சதவீதம் மேல். படிக்கவும் சுலபம். ஏனோ இன்னும் பலர் இதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

சைட்ஸ்கோர், எஸ்.ஜே.ஆர், ஐகன்ஃபேக்டர்... இவற்றில் எதைப் பார்ப்பது?

சைட்ஸ்கோர் எல்சேவியர் நிறுவனம் 2016-இல் தொடங்கியது, ஸ்கோபஸ் தரவுத்தளத்தை வைத்துக் கணக்கிடுவது. இப்போது நான்கு ஆண்டு வெளியீடுகளையும் அதே நான்கு ஆண்டுகளில் அவற்றுக்கு வந்த மேற்கோள்களையும் எடுக்கிறது. பெரிய வசதி, இதைக் காசு கொடுக்காமல் யாரும் பார்க்கலாம். ஒரே இதழின் சைட்ஸ்கோரும் இம்பாக்ட் ஃபேக்டரும் வேறு வேறாக இருந்தால் பயப்பட வேண்டாம், கணக்கும் தரவுத்தளமும் வேறு.

எஸ்.ஜே.ஆர் (ஸ்கிமாகோ ஜர்னல் ரேங்க்) கொஞ்சம் சுவாரசியமானது. எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்பதோடு நிற்காமல் யார் காட்டினார்கள் என்றும் கேட்கிறது. மதிப்புள்ள இதழிலிருந்து வரும் மேற்கோளுக்கு எடை அதிகம். கூகுள் தேடலில் பக்கங்களை வரிசைப்படுத்தும் முறைக்குப் பின்னால் இருக்கும் யோசனைதான் இதுவும். ஐகன்ஃபேக்டரும் அந்த வழியில் போவதுதான், ஆனால் அது மொத்தமாகக் கூட்டுவதால் பெரிய இதழ்களுக்குச் சாதகம்.

நான் சொல்வது: எதை எடுத்தாலும் ஒரே துறைக்குள் ஒப்பிடுங்கள், ஒரே ஆண்டுக்கு எடுங்கள், இரண்டு அளவீடாவது சேர்த்துப் பாருங்கள்.

‘க்யூ1 இதழ்’ என்கிறார்களே?

ஒரு துறையின் இதழ்களை வரிசைப்படுத்தி நான்காகப் பிரித்தால் மேலே இருக்கும் கால்பங்கு. ஒரே இதழ் இரண்டு துறைப் பிரிவுகளில் இருந்தால் ஒன்றில் க்யூ1, இன்னொன்றில் க்யூ3 என்றும் வரலாம். கிளாரிவேட் பட்டியலில் ஒன்று, ஸ்கோபஸ் தரவை வைத்துப் போடும் பட்டியலில் வேறொன்று என்றும் வரலாம். அதனால் ‘க்யூ1’ என்று மட்டும் எழுதாமல் எந்தப் பட்டியல், எந்தப் பிரிவு, எந்த ஆண்டு என்று சேர்த்து எழுதுங்கள்.

எச் இண்டெக்ஸ் ஆட்களுக்கானதுதானே? இதழுக்கும் உண்டா?

உண்டு. இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-இல் தனி ஆய்வாளர்களை மனதில் வைத்துத்தான் இதைச் சொன்னார். குறைந்தது எச் மேற்கோளாவது வாங்கிய கட்டுரைகள் எச் எண்ணிக்கையில் இருக்க வேண்டும். மேலே சொன்ன பத்துக் கட்டுரை இதழையே எடுங்கள்: 3 மேற்கோளாவது வாங்கியவை மூன்றுக்குக் குறையாமல் இருக்கின்றன, 4 வாங்கியவை நான்கு இல்லை. ஆக எச் இண்டெக்ஸ் 3. அந்த 31-ஐ 300 ஆக்கினாலும் அதே 3-தான். ஒற்றைக் கட்டுரை தூக்கிவிட முடியாது என்பது இதன் பலம். கூகுள் ஸ்காலர் கடைசி ஐந்து ஆண்டுக் கட்டுரைகளை வைத்து இதழ்களுக்கு இதைத் தருகிறது.

ஆல்ட்மெட்ரிக்ஸ் என்று புதிதாக ஒன்று சொல்கிறார்களே, அது எதை அளக்கிறது?

புதிது என்றாலும் பத்துப் பதினைந்து ஆண்டு ஆகிவிட்டது. ஜேசன் ப்ரீம் 2010-இல் இந்தச் சொல்லை முதலில் ஒரு ட்வீட்டில்தான் பயன்படுத்தினார். அதே ஆண்டு அக்டோபரில் அவரும் மூன்று பேரும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மேற்கோள் சேர்வதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகிறது, அதற்குள் ஒரு கட்டுரையைப் படித்தவர்கள், சேமித்தவர்கள், அதைப் பற்றிப் பேசியவர்கள் எல்லோரும் இணையத்தில் தடயம் விட்டுச் செல்கிறார்களே, அதை ஏன் எண்ணக்கூடாது என்பது அவர்கள் வாதம்.

எண்ணப்படுபவை: செய்தித்தாள், வலைப்பதிவு, எக்ஸ் (பழைய ட்விட்டர்), ஃபேஸ்புக், ரெடிட், விக்கிப்பீடியா, அரசுகளின் கொள்கை ஆவணங்கள், காப்புரிமைகள், மெண்டலி போன்ற மேற்கோள் மேலாண்மை மென்பொருளில் சேமித்தவர்கள்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இம்பாக்ட் ஃபேக்டர் இதழுக்கானது, ஆல்ட்மெட்ரிக்ஸ் தனித்தனிக் கட்டுரைக்கானது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. "இந்த இதழின் ஆல்ட்மெட்ரிக் என்ன?" என்று கேட்பவர்களிடம் "எந்தக் கட்டுரைக்கு?" என்று நான் திருப்பிக் கேட்பது அதனால்தான்.

கட்டுரைப் பக்கத்தில் கலர் கலராக ஒரு டோனட் படம் இருக்கிறது. நடுவில் எண். அது என்ன?

ஆல்ட்மெட்ரிக் நிறுவனத்தின் படம். சிவப்பு என்றால் செய்தி, வெளிர் நீலம் என்றால் எக்ஸ், மஞ்சள் என்றால் வலைப்பதிவு. நடுவில் உள்ள எண் கவன மதிப்பெண். எத்தனை இடத்தில் பேசினார்கள் என்பதை எடை போட்டுக் கூட்டியது. ஒரு செய்திக்கு உள்ள எடை ஒரு பதிவுக்குக் கிடையாது. மெண்டலியில் சேமித்தவர்கள் எண்ணிக்கை பக்கத்திலேயே காட்டப்பட்டாலும் அந்த மதிப்பெண்ணில் சேராது.

எண்ணைவிட, அதைச் சொடுக்கினால் திறக்கும் பட்டியல்தான் உபயோகமானது. ஒருமுறை ஓர் ஆய்வு மாணவி தன் கட்டுரையின் மதிப்பெண் 9 என்று சோர்ந்துபோய் வந்தார். திறந்து பார்த்தால், அந்த ஒன்பதுக்குள் ஒரு கொள்கை ஆவணம். அவர் அளந்துகொடுத்த தரவை ஓர் அமைப்பு தன் வழிகாட்டுதலில் எடுத்துப் பயன்படுத்தியிருந்தது. "எனக்கு யாரும் சொல்லவே இல்லையே சார்" என்றார். யார் சொல்வார்கள்? பட்டியலைத் திறந்தால்தான் தெரியும்.

'பிளம்எக்ஸ்' என்பது இன்னொரு சேவை, இப்போது எல்சேவியரிடம் இருக்கிறது. அது எல்லாவற்றையும் ஒரே எண்ணாகக் கூட்டாமல் மேற்கோள், பயன்பாடு, சேமிப்பு, குறிப்பிடல், சமூக ஊடகம் என்று ஐந்தாகப் பிரித்துக் காட்டும். எனக்கு இந்த அணுகுமுறைதான் பிடிக்கும்.

அதிகம் பேசப்பட்டால் நல்ல கட்டுரை என்றுதானே அர்த்தம்?

கவனம் கிடைத்தது என்று அர்த்தம், அவ்வளவுதான். பாஸ்பரஸுக்குப் பதில் ஆர்சனிக்கை வைத்து வாழும் பாக்டீரியா கிடைத்துவிட்டது என்று 2010 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. உலகமே பேசியது. பேசியவர்களில் பலர் அது ஏன் தவறு என்று விளக்கிக்கொண்டிருந்த விஞ்ஞானிகள். கடைசியில் 2025-இல் இதழ் அதைத் திரும்பப் பெற்றது. பாராட்டையும் திட்டையும் இந்தக் கருவிகள் ஒன்றாகவே எண்ணுகின்றன.

சரி, மேற்கோள் மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. தட்டம்மைத் தடுப்பூசி அடங்கிய எம்.எம்.ஆர் ஊசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் 1998 கட்டுரை 'லான்செட்' இதழில் வந்தது, 2010-இல் திரும்பப் பெறப்பட்டது. அதை மறுப்பதற்காகவே மேற்கோள் காட்டியவர்கள் ஏராளம். எண்ணுகிற இயந்திரத்துக்கு அதுவும் மேற்கோள்தான்.

என் கட்டுரையைச் சமூக ஊடகத்தில் பகிர்ந்தால் மேற்கோள் கூடுமா?

பதிவுகளுக்கும் மேற்கோள்களுக்கும் உள்ள தொடர்பு பலவீனம். மெண்டலியில் சேமித்தவர்கள் எண்ணிக்கைக்கும் பின்னால் வரும் மேற்கோளுக்கும்தான் ஓரளவு தொடர்பு தெரிகிறது. அது இயல்புதான், எழுதப்போகிறவர்கள்தானே சேமிக்கிறார்கள்.

பகிர்வதென்றால் ஒன்று மட்டும் செய்யுங்கள்: இதழின் பக்கத்தையோ டி.ஓ.ஐ (கட்டுரையின் நிரந்தர அடையாள எண்) இணைப்பையோ பகிருங்கள். உங்கள் டிரைவில் போட்ட பி.டி.எஃப் இணைப்பைப் பகிர்ந்தால் எந்தக் கருவியும் அதை உங்கள் கட்டுரையோடு சேர்த்து எண்ணாது. அப்படியும், ஒரு தளம் தரவு தரும் விதியை மாற்றினால் எண்ணிக்கை ஆட்டம் காணும். 2023-இல் ட்விட்டர் தன் தரவைப் பெறும் வழியைக் கட்டணமாக்கியபோது அதுதான் நடந்தது.

‘உங்கள் கட்டுரையை எங்கள் இதழுக்கு அனுப்புங்கள், இம்பாக்ட் ஃபேக்டர் 7.216’ என்று மின்னஞ்சல் வருகிறது. நம்பலாமா?

முதலில் அந்த மூன்று தசம இலக்கத்தைப் பாருங்கள். 2023-இல் வெளியான அறிக்கை முதல் கிளாரிவேட் ஒரே ஒரு தசம இலக்கம்தான் தருகிறது. சமீபத்திய எண் என்று சொல்லி மூன்று இலக்கம் போட்டிருந்தால் அங்கேயே சந்தேகம் வர வேண்டும். ‘இம்பாக்ட் ஃபேக்டர்’ என்ற பெயருக்கு முன்னால் உலக, சர்வதேச, அறிவியல் என்று ஏதாவது ஓர் அடைமொழியைச் சேர்த்து, காசு வாங்கிக்கொண்டு எண் விற்கும் கடைகள் இருக்கின்றன.

சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். மின்னஞ்சலில் உள்ள இணைப்பைச் சொடுக்காதீர்கள். கிளாரிவேட்டின் 'மாஸ்டர் ஜர்னல் லிஸ்ட்' பக்கத்திலும் ஸ்கோபஸின் இதழ்ப் பட்டியலிலும் ஐ.எஸ்.எஸ்.என் எண்ணை (ஒவ்வோர் இதழுக்கும் உள்ள தனி அடையாள எண்) போட்டுத் தேடுங்கள், இரண்டும் இலவசம். பெயரை வைத்துத் தேடாதீர்கள், பெயரை அப்படியே காப்பியடித்துப் போலித் தளம் நடத்துகிறவர்கள் உண்டு. ஸ்கோபஸில் இருந்தால் மட்டும் போதாது, எந்த ஆண்டு வரை என்றும் பாருங்கள். பாதியில் நிறுத்தப்பட்ட இதழ்களும் பட்டியலில் தெரியும்.

இம்பாக்ட் ஃபேக்டர் இல்லாத இதழ் என்றால் மோசமானதா?

இல்லை. புதிய இதழாக இருக்கலாம், ஆங்கிலமல்லாத மொழியில் வருவதாக இருக்கலாம். புத்தகங்களையே அதிகம் மேற்கோள் காட்டும் துறையாகவும் இருக்கலாம். நல்ல பெயருள்ள 'ஈலைஃப்' கூட, கட்டுரையை ஏற்பது, நிராகரிப்பது என்ற முடிவையே விட்டுவிட்டு மதிப்பாய்வுகளை வெளிப்படையாகப் போடும் முறைக்கு மாறியதால் இம்பாக்ட் ஃபேக்டரை இழந்தது.

தேர்வுக் குழுக்கள் இந்தக் குறைகளையெல்லாம் கணக்கில் எடுக்கின்றனவா? விண்ணப்பத்தில் என்ன எழுதுவது?

கணக்கில் எடுக்கிற இடங்கள் கூடிவருகின்றன. ஆளையோ தனிக் கட்டுரையையோ இதழின் எண்ணை வைத்து மதிப்பிடாதீர்கள் என்று சொல்லும் சான் ஃபிரான்சிஸ்கோ பிரகடனம், சுருக்கமாக ‘டோரா’, 2012 டிசம்பரில் ஒரு மாநாட்டில் பேசி உருவாகி 2013 மே மாதம் வெளியானது. 2015-இல் வந்த லெய்டன் அறிக்கை அளவீடுகளைப் பயன்படுத்தப் பத்து விதிகள் சொன்னது. கையெழுத்துப் போட்ட நிறுவனங்கள் எல்லாம் அதன்படி நடக்கின்றனவா என்பது வேறு கதை.

குழு இம்பாக்ட் ஃபேக்டர் கேட்டால் கொடுத்துவிடுங்கள், சண்டை வேண்டாம். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். உங்களுடைய மூன்று நான்கு முக்கியக் கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரி எழுதுங்கள்: என்ன கண்டுபிடித்தீர்கள், அதை யார் எடுத்துப் பயன்படுத்தினார்கள். மேற்கோள் எண்ணிக்கை என்றால் எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதியில் பார்த்தது என்று போடுங்கள். கூகுள் ஸ்காலரில் 40 இருப்பது ஸ்கோபஸில் 22 ஆக இருக்கும், குழுவில் யாராவது சரிபார்த்தால் பொய் சொன்னது போல ஆகிவிடும். ஆல்ட்மெட்ரிக் மதிப்பெண்ணை எழுதாமல் அதற்குள் இருக்கும் நல்ல ஒன்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள். அந்த 9 மதிப்பெண் மாணவி தன் விண்ணப்பத்தில் 9 என்று எங்கேயும் எழுதவில்லை. அந்த வழிகாட்டுதலின் பெயரையும், தன் கட்டுரை அதில் எந்தப் பக்கத்தில் வருகிறது என்பதையும் மட்டும் எழுதினார்.